பெயர்ப்பலகை இல்லாத ஒரு வால்வ் அம்ப்

என் மனைவியின் தாய்மாமன் இளமையில் கல்யாண வீடுகளிலும் தேவாலய விழாக்களிலும் கிற்றார் வாசித்தவர். இப்போது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் இருக்கிறார். அவருடைய அறை மூலையில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பூச்சாடி தாங்கிக்கொண்டிருந்த பெட்டி உண்மையில் ஒரு வால்வ் அம்ப், அதாவது கிற்றாரின் ஒலியைக் கண்ணாடி வால்வ்களால் பெருக்கும் கருவி, என்பது, சாடியை நகர்த்தி மேலே கிடந்த துணியை விலக்கியபோதுதான் எனக்குத் தெரியவந்தது. "அது செத்துப் போச்சு, தம்பி. கொண்டுபோய்ப் பாரும், ஆனால் பெட்டியைத் திருப்பித் தாரும், சாடி வைக்க வேறு இடமில்லை" என்றார்.

முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேசிஸில் வால்வ் தாங்கிகளுக்கான துளைகள் கையால் வெட்டி அரத்தால் உருட்டப்பட்டிருந்தன. கொழும்பில் யாரோ ஒரு வானொலித் திருத்துநர் தன் மேசையிலேயே கட்டியது என்பதற்கு அதுவே போதுமான சான்று. இரண்டு மாலைப் பொழுதுகள் செலவிட்டு இணைப்புகளைத் தாளில் வரைந்து பார்த்தபோது, 1950களில் முல்லார்ட் நிறுவனம் வெளியிட்ட 5-10 என்ற பத்து வாட் சுற்றின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. வெளியீட்டில் இரண்டு ஈ.எல். 84 வால்வ்கள், அவற்றுக்கு எதிரெதிர் அலைகளை வழங்க ஓர் ஈ.சி.சி. 83, முதல் நிலையில் ஓர் ஈ.எஃப். 86, ஆடலோட்டத்தை நேரோட்டமாகச் சீராக்க ஈ.இசட். 80 அல்லது 81 என்பதுதான் மூலச் சுற்றின் அமைப்பு. வீட்டில் இசைத்தட்டுக் கேட்பதற்கென வகுக்கப்பட்ட அந்தச் சுற்றை, முன்னால் ஒரு கிற்றார் செருகும் துளையையும் ஒரு தொனிக் கட்டுப்பாட்டையும் சேர்த்து மேடைக்கு ஏற்றதாக்கியிருந்தார்கள்.

ஆனால் நான் வரைந்த படம் பல இடங்களில் மூலச் சுற்றோடு ஒத்துப்போகவில்லை. ஈ.எஃப். 86 இருக்கவேண்டிய தாங்கியில் இன்னொரு ஈ.சி.சி. 83 நின்றது. சீராக்கி வால்வின் தாங்கி வெறுமையாகக் கிடக்க, அதன் காலடியில் அதே வேலையைச் செய்யும் இரண்டு பி.வை. 127 சிலிக்கன் டயோட்டுகளும், அவற்றுக்கும் மின்னைத் தேக்கும் முதல் கப்பாசிற்றருக்கும் நடுவில் 150 ஓம், 10 வாட் கம்பிச்சுற்றுத் தடையி ஒன்றும் பற்றாசு வைக்கப்பட்டிருந்தன. எனக்கு முன்பே ஒருவர் உள்ளே கைவைத்திருக்கிறார். அவர் செய்தவற்றுள் எதைக் கழற்றுவது, எதை விடுவது என்ற கேள்விதான் பிந்திய ஆறு வாரங்களையும் எடுத்துக்கொண்டது.

கடற்காற்றில் இருந்த பொருள் என்பதை உள்ளே பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். வால்வ் தாங்கிகளின் பற்கள் பச்சை பூத்திருந்தன. நட்டுகள் துருவோடு ஒன்றாகிவிட்டிருந்தன. கரப்பான் எச்சம் எங்கும் இருந்தது. இந்த நிலையில் ஆளியைப் போட்டுப் பார்ப்போம் என்ற ஆசையை அடக்குவதே முதல் வேலை. பழைய கப்பாசிற்றர் ஒன்று குறுக்கு மின்சாரமாகிவிட்டால் முதலில் எரிவது மின்வழங்கும் ட்ரான்ஸ்போமர். அது போனால் இதே அளவில் இன்னொன்றைக் கையால் சுற்றவேண்டிவரும்.

ஆகவே மின்சாரம் கொடுக்காமலே தொடங்கினேன். வீட்டு மின்கம்பி இரண்டிழைக் கம்பி, புவிக்கம்பி கிடையாது. அதைவிட மோசம், பியூஸ் நொதுமல் கம்பியில் இருந்தது. பியூஸ் எரிந்த பிறகும் உள்ளே உயிர் இருக்கும் அமைப்பு அது. கிற்றாரின் இரும்பு நரம்புகள் சேசிஸோடு தொடர்புடையவை. அவற்றைப் பிடித்தபடி ஒலிவாங்கியில் உதடு படப் பாடுகிறவருக்கு இது உயிராபத்து. மூன்றிழைக் கம்பி இட்டு, புவிக்கம்பியைச் சேசிஸில் தனியான ஓர் ஆணியில் இறுக்கி, பியூஸையும் ஆளியையும் உயிர்க்கம்பிக்கு மாற்றி, 13 அம்பியர் சதுரமுனைச் செருகியைப் பொருத்தினேன். முன்னவரின் வேலையில் ஒரு கணமும் யோசிக்காமல் கழற்றியெறிந்தது இந்த ஒன்றைத்தான்.

அடுத்தது ட்ரான்ஸ்போமர்கள். நண்பரொருவரிடம் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகர் இரவல் வாங்கி, மின்வழங்கும் ட்ரான்ஸ்போமரின் முதற்சுற்றுக்கும் இரும்புக்கும் இடையே அளந்தபோது 3 மெகாஓம் மட்டுமே வந்தது. சுருளின் கடதாசி காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கிறது. இத்தகைய ட்ரான்ஸ்போமரைச் செத்ததென்று வீசுகிறவர்கள் உண்டு. ஈரம் போனால் பிழைக்கும் என்பதால் நான் அவசரப்படவில்லை. தகரப் பிஸ்கட் பெட்டியொன்றில் 60 வாட் இழை மின்குமிழைப் பொருத்தி, அதன் அருகே ட்ரான்ஸ்போமரை வைத்து, மூடியைச் சற்றே திறந்துவிட்டு இரண்டு பகலும் இரண்டு இரவும் உலரவிட்டேன். மூன்றாம் நாள் மெகர் 100 மெகாஓமுக்கு மேல் காட்டியது. வெளியீட்டு ட்ரான்ஸ்போமரின் இரண்டு பாதிகளும் 140 ஓம், 155 ஓம் என்று அளந்தன. இந்த வேறுபாடு பழுதல்ல. வெளிப்புறத்தில் சுற்றப்பட்ட பாதிக்குச் சுற்றளவு கூடுவதால் கம்பியும் கூடுகிறது. இந்த இரண்டு எண்களையும் குறித்துவைத்தேன். பின்னால் அவை பெரிதும் பயன்பட்டன.

தடையிகளில் பெரும்பாலானவை கரிக்கலவைத் தடையிகள். வருடங்கள் செல்லச்செல்ல இவற்றின் பெறுமானம் ஏறும். ஈரமான ஊரில் இன்னும் விரைவாக ஏறும். 220 கிலோஓம் என்று நிறவளையம் சொன்ன ஒன்று 310 காட்டியது. எல்லாவற்றையும் ஒரு முனை தூக்கி அளந்து, 20 வீதத்துக்கு மேல் விலகியவற்றை மட்டும் மாற்றினேன். மெழுகிட்ட கடதாசிக் கப்பாசிற்றர்களுக்கு அந்தச் சலுகை கொடுக்கவில்லை. முந்திய நிலையின் அனோட்டில் (வால்வின் நேர்முனைத் தகடு) உள்ள உயர் மின்னழுத்தம் வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்குள் (ஓட்டத்தை அடக்கும் கம்பிவலை) வராமல் மறித்து, ஒலியை மட்டும் கடத்துவதே இவற்றின் தொழில். சிறிது கசிந்தாலும் கிரிட்டில் நேர் மின்னழுத்தம் ஏறி, வால்வ் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். அவற்றைக் கழற்றுவதற்கு முன், ஆர்வத்தினால், ஓட்டம் மிகாமல் தடுக்கத் தொடராக 60 வாட் மின்குமிழ் ஒன்றை வைத்து வெளியீட்டு வால்வ்களைச் செருகாமல் மின்சாரம் கொடுத்துச் சோதித்தேன். கிரிட் பக்கத்தில் பூச்சியமாக இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றில் 4 வோல்ட் நின்றது. அம்ப் செத்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 630 வோல்ட் தாங்கும் பொலிப்புரொப்பிலீன் கப்பாசிற்றர்களை அவற்றின் இடத்தில் வைத்தேன்.

உயர் மின்னழுத்தத்தைச் சமப்படுத்தும் மின்பகு கப்பாசிற்றர்களுக்காகப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சனிக்கிழமை முழுவதும் அலைந்தேன். 47 மைக்ரோபரட், 450 வோல்ட் என்று கேட்டால் எல்லாக் கடையிலும் எடுத்து நீட்டுவார்கள். அவற்றுள் எது உண்மையிலேயே 450 வோல்ட் தாங்கும் என்பதுதான் கேள்வி. பருமன் சந்தேகத்துக்கிடமாகச் சிறியதாக இருந்தவற்றை ஒதுக்கினேன். வாங்கிய நான்கையும் வீட்டில் 100 கிலோஓம் தடையியூடாக 400 வோல்டுக்கு மெல்ல ஏற்றிக் கசிவை அளந்ததில், ஒன்று அரை மணி நேரம் கழிந்தும் அடங்கவில்லை. மீதி மூன்றும் சேசிஸுக்குள் சென்றன. மேலே நின்ற பழைய அலுமினியக் குவளையை இணைப்புகள் நீக்கி அப்படியே விட்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் சேசிஸில் ஒரு வெறும் ஓட்டைதான் தெரியும்.

வால்வ் அம்பில் கைவைக்க விரும்பும் இளையவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். செருகியைப் பிடுங்கிய பிறகும் இந்தக் கப்பாசிற்றர்கள் 300 வோல்டுக்கு மேல் தேக்கிவைத்திருக்கும். 10 கிலோஓம், 5 வாட் தடையியை முதலைக்கவ்விகளோடு இணைத்துவைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதனால் வடித்து, மீற்றரால் பூச்சியத்தைக் கண்ணால் கண்ட பிறகே விரலை நுழைப்பேன். மின்சாரம் இருக்கும்போது அளப்பதென்றால் இடக்கை பையினுள் இருக்கும்.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன். அந்த 150 ஓம் தடையி முகம் கறுத்து, பக்கத்திலிருந்த பலகையையும் சுட்டிருந்தது. மூலச் சுற்றில் அப்படியொன்று இல்லை. வால்வ்களைச் செருகி, மின்குமிழையும் நீக்கி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். 85 மில்லிஅம்பியர் ஓட்டத்தில் 150 ஓம் இழப்பது ஏறத்தாழ 13 வோல்ட்தானே, இதனால் என்ன ஆகப்போகிறது என்று மனக்கணக்குப் போட்டு, தடையியைக் குறுக்கிணைத்துவிட்டு மறுபடி ஆளியைப் போட்டேன். அதற்கு முன் 340 வோல்டாக இருந்த உயர் மின்னழுத்தம் 368க்குப் போனது. ஒரு நிமிடத்துக்குள் ஈ.எல். 84 ஒன்றின் அனோட்டுத் தகட்டில் மங்கிய செம்மை படர்ந்தது. ஆளியை அணைத்தேன் என்று எழுதுவது கௌரவமாக இருக்கும். உண்மையில் சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கினேன்.

பிழை எங்கே என்பது பிறகு விளங்கியது. டயோட்டுகள் தொடர்ச்சியாக மின்சாரம் செலுத்துவதில்லை. ஒவ்வோர் அலையின் உச்சியிலும் குறுகிய நேரம் மட்டும், சராசரியைப் போலப் பல மடங்கு ஓட்டத்தைக் கப்பாசிற்றருக்குள் தள்ளுகின்றன. தடையி அந்தத் துடிப்புகளைத்தான் எதிர்க்கிறது. ஆகவே சராசரி ஓட்டத்தை வைத்துப் போட்ட கணக்கை விட இருமடங்குக்கும் மேலாக மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. ஈ.இசட். 81 வால்வ் தன் உள்தடையினால் இயல்பாகவே விழுங்கிய மின்னழுத்தத்தை, சிலிக்கன் டயோட்டு விழுங்காது என்பதை அறிந்த ஒருவர், அந்த இழப்பைத் தடையியாகத் திருப்பி வைத்திருக்கிறார். நான் அழுக்கென்று நினைத்தது ஒரு கணக்கு.

இந்த வேலையைச் செய்திருக்கக்கூடிய தலைமுறையைச் சேர்ந்த ஒருவரைக் கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரியும். எழுபதைக் கடந்த பழைய வானொலித் திருத்துநர். சேசிஸைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் இறுக்கப்பட்டிருந்த காலத்தில் சீராக்கி வால்வ் கிடைக்காமல் இப்படிச் செய்திருப்பார்கள் என்பது என் ஊகம். அவர் சிரித்தார். "அந்தத் தட்டுப்பாட்டிலேயும் வால்வ் எங்கேயாவது அகப்பட்டது, தம்பி. எழுபத்தேழுக்குப் பிறகுதான் ஜப்பான் ட்ரான்சிஸ்டர் செற்றுகள் வந்து குவிந்தன. வால்வைக் கொண்டுவர ஆளில்லாமல் போனது அப்போதுதான்." கடைகளில் எல்லாம் நிறைந்திருந்த காலத்தில் இந்த ஒரு பொருள் மட்டும் இல்லாமற்போயிற்று என்ற அவருடைய சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் இன்னொன்றையும் கவனித்தார். மின்வழங்கும் ட்ரான்ஸ்போமரின் முதற்சுற்றில் 200, 220, 240 வோல்டுக்கான மூன்று முனைகள் உண்டு. இணைப்பு 220இல் இருந்தது. மாலையில் எல்லோரும் விளக்கேற்றும் நேரத்தில் மின்னழுத்தம் விழுந்துவிடும், நிகழ்ச்சியோ மாலையில்தான் நடக்கும், அதனால் வாசிப்பவர்கள் கேட்டுக் கீழே இறக்கி வைப்பிப்பார்கள் என்றார். என் வீட்டில் இப்போது 236 வோல்ட் வருகிறது. 220 முனையில் சூடாக்கி இழைகளுக்கு 6.9 வோல்ட் சென்றுகொண்டிருந்தது, அவற்றுக்குரியது 6.3. அன்று சரியாக இருந்த இணைப்பு இன்று வால்வ்களின் ஆயுளைத் தின்கிறது. 240 முனைக்கு மாற்றியதும் 6.3 ஆயிற்று, உயர் மின்னழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கியது.

ஈ.இசட். 81 வால்வை வெளிநாட்டிலிருந்து இன்று தருவிக்கமுடியும். மூலத்தைப் போலவே ஆக்கவேண்டும் என்று கருதுபவர்கள் அதையே செய்வார்கள். நான் டயோட்டுகளை விட்டுவைத்தேன். ஈ.இசட். 81இன் சூடாக்கி மட்டும் ஓர் அம்பியர் இழுக்கும். அந்தச் சுமை இல்லாததால் அறுபது வயதைத் தொடும் ட்ரான்ஸ்போமர் குளிர்ந்து ஓடுகிறது. சிலிக்கனில் ஒரு குறை உண்டு. வால்வ்கள் சூடேறி ஓட்டத்தை எடுக்கத் தொடங்கும் முன்பே முழு மின்னழுத்தமும் வந்துவிடும். இரண்டாம் சுற்று ஒவ்வொரு பக்கமும் 275 வோல்ட் என்பதால் சுமையற்ற உச்சம் 389; 450 வோல்ட் கப்பாசிற்றர்கள் அதைத் தாங்கும். பி.வை. 127கள் 1250 வோல்ட் தாங்குபவை, அவற்றையும் மாற்றவில்லை. தடையி மட்டும் புதியது. அதே 150 ஓம், பலகையிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் உயர்த்தி வைத்திருக்கிறேன்.

சிவந்த வால்வும் அதன் துணையும் ஏற்கெனவே களைத்தவை. வெளியீட்டு ட்ரான்ஸ்போமரின் இரு பாதிகளிலும் விழும் மின்னழுத்தத்தை அளந்து, குறித்துவைத்த 140, 155 ஓம்களால் வகுத்தால் ஒவ்வொரு வால்வின் ஓட்டமும் தனித்தனியே கிடைத்துவிடும். இரண்டும் எதிர்முனையில், அதாவது கதோட்டில், ஒரே தடையியைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பில் இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பழைய சோடி 38க்கு 24 மில்லிஅம்பியர் என்று ஏறுக்குமாறாக நின்றது. ரஷ்யாவில் செய்யப்பட்ட பொருத்திய சோடி ஒன்றை இணையத்தில் வரவழைத்தேன். செலவில் பாதிக்குமேல் இந்தச் சோடிக்கும் அதன் தபாலுக்கும் வரிக்கும்தான் போயிற்று. புதியவை இரண்டும் 36 மில்லிஅம்பியரைச் சுற்றி நின்றன. அனோட்டில் 312 வோல்ட், கதோட்டில் 10.4 வோல்ட், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10.9 வாட்டை வெப்பமாக இழக்கிறது. ஈ.எல். 84இன் எல்லை 12 வாட்.

ஈ.எஃப். 86 பற்றிய முடிவு இலகுவாக இருந்தது. அது அதிர்வை ஒலியாக மாற்றும் குணமுடைய வால்வ். ஸ்பீக்கரும் வால்வும் ஒரே பெட்டியில் குலுங்கும் கிற்றார் அம்பில் ஊளையிடத் தொடங்கிவிடும். முன்னவர் அதை ஈ.சி.சி. 83ஆக மாற்றியபோது, தேவையற்றுப்போன கம்பிகளை வெட்டாமல் மடித்துத் துணிநாடாவால் சுற்றி, சேசிஸின் உட்புறத்தில் பென்சிலால் "பின் 1", "பின் 9" என்று தமிழில் எழுதியிருந்தார். யாருக்காவது ஈ.எஃப். 86 அகப்பட்டால் திருப்பிப் போடட்டும் என்று நினைத்திருக்கவேண்டும். நாடா உதிர்ந்துவிட்டதால் வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டேன். எழுத்தின்மேல் துடைப்பத் துணி படாமல் பார்த்துக்கொண்டேன். அதன் கீழே "முனை 240" என்று நானும் பென்சிலாலேயே எழுதினேன்.

இரைச்சல் இருந்தது. 50 ஹேர்ட்சா 100 ஹேர்ட்சா என்பதைக் காதால் பிரிக்கப் பழகினால் பாதி வேலை முடியும். 100 என்றால் சீராக்கலில் குறை. 50 என்றால் பெரும்பாலும் சூடாக்கிக் கம்பிகள். இது 50. சூடாக்கியின் ஒரு முனை நேரே சேசிஸில் இணைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்து, இரண்டு 100 ஓம் தடையிகளால் செயற்கையான நடுமுனை அமைத்து, கம்பிகளை இறுக முறுக்கி மூலையோடு ஒதுக்கியதும் இரைச்சல் அறையின் அமைதிக்குள் மறைந்தது.

பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பை இராமபாணப் பூச்சி இரண்டிடத்தில் தின்றிருந்தது. மெல்லிய தாளும் நீர்த்த வெள்ளைப் பசையும் போதுமாயின. சுருள் 11.5 ஓம் அளந்தது. அக்காலத்து 15 ஓம் வகை. இதன் இடத்தில் இன்று கடையில் கிடைக்கும் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வெளியீட்டு வால்வ்கள் காணும் சுமை ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பதை மாமாவுக்கும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ரெக்சினில் இருந்த பூஞ்சணம் சவர்க்கார நீருக்கே போய்விட்டது.

கடைசிச் சோதனைக்கு நான்கு 15 ஓம், 10 வாட் தடையிகளை இரண்டிரண்டாகத் தொடரில் வைத்து, அந்தச் சோடிகளைச் சமாந்தரமாக இணைத்து ஸ்பீக்கருக்குப் பதிலாக ஒரு 15 ஓம் போலிச் சுமை செய்தேன். கைப்பேசியிலிருந்து 1000 ஹேர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, அலை தட்டையாகும் எல்லையில் 12.2 வோல்ட் கிடைத்தது. 9.9 வாட். கட்டியவர் எதிர்பார்த்ததும் பத்துத்தான்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அம்பை வெள்ளவத்தைக்குக் கொண்டுசென்றேன். மாமா கிற்றாரைச் செருகி, நரம்பைத் தொடாமல் முதலில் காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டார். நான் இல்லாமலாக்கிய இரைச்சல் அங்கே இருந்தது. தடித்த, பல்லுப்பல்லான ஓர் உறுமல். என் முகம் வெளிறியிருக்கவேண்டும். சேசிஸை மறுபடி கழற்றத் திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். உறுமல் நின்றது. விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு ரெகுலேற்றர் அலையை வெட்டித் துப்பும் அழுக்கு அது. கிற்றாரின் காந்தச்சுருள் அதை அப்படியே பிடித்துக்கொள்கிறது. ரெகுலேற்றரை மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் காதில் விழவில்லை. மேற்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, வியர்த்தபடியே வாசிக்கத் தொடங்கியிருந்தார். பூச்சாடி கட்டிலின் மேல் இருந்தது.